சூடு ஆறாத கம்பளம்

ஒக்டோபர் கடைசியில், ஊரைச் சுற்றிய மலைகளில் முதற்பனி விழுந்து கிடந்த ஒரு சனிக்கிழமை, சிவரூபினியும் அவள் கணவன் மதிவதனனும் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் ஒரு பழைய கல்வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தார்கள். அதுவரை இருந்தது நாலாம் மாடி, லிப்ட் இல்லை. மதிவதனனின் முதுகு இனிமேல் படி ஏறாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸ் நகரின் ஹோட்டல் குசினிகளில் கோப்பை கழுவிக் கழுவியே தேய்ந்த முதுகு அது. பிறகு இந்த ஊருக்கு வந்து தொழிற்சாலையில் பெட்டி தூக்கியதில் மிச்சமும் போயிற்று. இப்போது வேலையும் இல்லை.

வீடு நல்ல வீடுதான். உயர்ந்த கூரை, பெரிய ஜன்னல்கள், பின்னால் சின்னதாக ஒரு முற்றம். ஆனால் அடியில் நிலவறை. அதன் ஈரக்குளிர் மரத்தரையின் இடுக்குகளால் மேலேறி, காலுறையைத் துளைத்து, எலும்பு வரைக்கும் போகும். ஹீட்டரை எவ்வளவு திருப்பினாலும் முழங்காலுக்கு மேலேதான் அந்த வீடு சூடாக இருந்தது.

கட்டிலில் அல்ல, தரையில் படுத்துத்தான் முதுகுப் பயிற்சி செய்யவேண்டும் என்று பிசியோ சொல்லியிருந்தாள்.

“இந்தத் தரையில படுத்தா நான் பிறகு எழும்ப மாட்டன், ரூபி,” என்றான் மதிவதனன்.

“அப்ப நல்ல கம்பளம் ஒண்டு வாங்குவம். மெசினில செய்தது வேண்டாம். கையால நெய்த கம்பளிதான் குளிரை மறிக்குமாம்.”

பிள்ளைகள் இல்லாதவர்கள். அவள் விடியமுன் மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவாள். அதுவரை அவன் தனியே அந்தக் குளிருக்குள் கிடக்கவேண்டும் என்பதே அவளுக்கு மனக்குறையாக இருந்தது.

பீல் நகரின் பழைய பகுதியில், வளைவான கல்வாசல் வைத்த ஒரு கம்பளக் கடை. நடத்துபவள் நஜாத் என்ற மொரோக்கோக்காரி. மலைப்பக்கத்து பெர்பர் இனக் குடும்பத்தில் பிறந்தவள். கடைக்குள் நுழைந்ததும் மழையில் நனைந்த செம்மறியின் மணம் அடித்தது. நஜாத் இரண்டு பேருக்கும் தேநீர் தந்துவிட்டு, ஆறுதலாக ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள்.

“முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்,” என்றாள் பிரெஞ்சில். “முடிச்சுகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அது மெசின். கையால் போட்டது கொஞ்சம் அங்கே இங்கே விலகித்தான் நிற்கும். நூலும் அப்படித்தான், ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு. ஈரக் கையால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வாங்காதீர்கள். இந்தக் கறுப்பு சாயமே இல்லை, கறுப்பு ஆட்டின் மயிர்.”

சிவரூபினி கையை ஈரமாக்கித் தேய்த்தாள். மயிரை விரல்களால் பிளந்து அடிவேரைப் பார்த்தாள். புதிதாக வந்த வெள்ளைக் கம்பளம் ஒன்று அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதைச் சுற்றிக்கட்டச் சொல்ல வாயெடுத்தபோதுதான், மதிவதனன் கடையின் மூலையில் நிற்பதைக் கண்டாள். சுவரோடு நிறுத்தியிருந்த ஒரு சுருட்டில் உள்ளங்கையை வைத்தபடி நின்றான்.

“இதை விரிக்கச் சொல்லும்,” என்றான்.

நஜாத் கொஞ்சம் தயங்கினாள். “அது பழையது. எங்கள் மலையில் நெய்ததுதான், ஆனால் எனக்கு வந்தது இங்கே ஒரு பண்ணை வீட்டைக் காலி செய்தபோது. இன்னும் நான் கழுவக்கூட இல்லை.”

“பரவாயில்லை.”

விரித்தார்கள். பழுப்பேறிய பால் நிறத்தில் அடர்ந்த மயிர். நெளிந்து போகும் மண்ணிறக் கோடுகள். மதிவதனன் வெட்கப்படாமல் அதன்மேல் மெல்லச் சாய்ந்து படுத்தான். இடதுகாலை மடக்கினால்தான் அவனுக்கு வலி குறையும். அப்படி மடக்கிக்கொண்டு கண்ணை மூடினான். மாதக்கணக்காக இறுகிக் கிடந்த அவன் முகம் அவிழ்வதைச் சிவரூபினி கண்டாள்.

“ரூபி, முதுகு நோ தெரியேல்ல,” என்றான். “சூடாக் கிடக்கு. ஆரோ இப்பத்தான் எழும்பிப் போன மாதிரி.”

அந்த முகத்தைப் பார்த்தபிறகு அவளால் வேறொன்றை வாங்க முடியவில்லை.

சுற்றிக் கட்டும்போது நஜாத் பராமரிப்பைச் சொன்னாள். தூசி உறிஞ்சும் மெசினில் சுழலும் தூரிகையைப் போடவேண்டாம், மயிரைப் பிடுங்கிவிடும். ஏதாவது சிந்தினால் தேய்க்காமல் துணியால் ஒற்றியெடுக்கவேண்டும். சுடுதண்ணீர் கூடவே கூடாது. பருவத்துக்கு ஒருதரம் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் ஒருபக்கம் மட்டும் தேயாது. “தை மாசியில் மாவுபோலப் பனி விழும் பாருங்கள், அதன்மேல் கவிழ்த்துப் போட்டுத் தட்டுங்கள். கம்பளிக்கு அதைவிட நல்ல சவர்க்காரம் இல்லை.”

கடைசியாக வாசலில் நின்று, “நான் இதை ஒருநாளும் விரித்து வைத்ததில்லை,” என்றாள். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. ஹீட்டர் ஓடும்போது அறையில் செம்மறி மணம் பரவும். அது சிவரூபினிக்கு ஒரு துணைபோலவே இருந்தது. மதிவதனன் பயிற்சியை விடாமல் செய்தான். மாத்திரையைக் குறைத்தான். வேலையால் வந்தவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கும் அளவுக்கு நிமிர்ந்துவிட்டான். ஞாயிறுகளில் அவள் கம்பளத்துக்குத் தூசி உறிஞ்சும் மெசின் பிடித்து, மயிரை ஒருபக்கமாகத் தடவி விடுவாள்.

தடவி விட்ட மயிர் திங்கள் பின்னேரம் எழும்பியிருக்கும். அவன் படுத்த இடம் அமுங்கியிருக்கும். அது சரி. அதற்குப் பக்கத்திலும் அமுங்கியிருக்கும்.

ஒருநாள் காலுறை கழற்றிய காலோடு அவள் கம்பளத்தைக் கடந்தபோது கால் நின்றுவிட்டது. மதிவதனன் எழுந்து குசினிக்குப் போய் நெடுநேரம். அவன் கிடந்த ஓரம் ஆறிப்போயிருந்தது. நடுப்பகுதி மட்டும் கொதிநீர்ப் பை வைத்து எடுத்ததுபோல் சூடாக இருந்தது.

“இஞ்சருங்கோ, இவ்வளவு பெரிய கம்பளத்தில ஏன் ஓரத்தில போய்ப் படுக்கிறியள்? பாதி முதுகு தரையில கிடக்கு.”

அவன் சட்டென்று சொன்னான், யோசிக்காமல்.

“இடம் விட்டுத்தானே படுக்க வேணும்.”

“ஆருக்கு?”

அவன் அவளைப் பார்த்தான். தான் சொன்னதை அப்போதுதான் கேட்டவன்போல முகம் மாறியது. பிறகு எழுந்து ஜன்னலடிக்குப் போய்விட்டான்.

மார்கழியில் அவன் கை குளிர்ந்தது. முதலில் விரல்நுனி, பிறகு மணிக்கட்டு வரை. இரவில் அவன் கால் தற்செயலாக அவள்மேல் பட்டால் திடுக்கிட்டு விழிப்பாள். ஈரத்துணி பட்டது போலிருக்கும். டொக்டர் இரத்தம் எடுத்தார், இதயத்தைப் பார்த்தார், சுரப்பிகளைச் சோதித்தார். உடல்வெப்பம் குறைவுதான், காரணம் தெரியவில்லை, இறைச்சி சாப்பிடுங்கள், நடந்து திரியுங்கள் என்றார். மதிவதனன் நடக்கவில்லை. கட்டிலுக்கு வருவதையும் மெல்ல மெல்ல விட்டான். முதுகுக்கு இதுதான் நல்லது என்று கம்பளத்திலேயே படுத்தான். ஹீட்டரையும் அவள் வேலைக்குப் போனபிறகு நிறுத்தி வைக்கத் தொடங்கினான்.

“உங்களுக்கு விசரே? குளிரில செத்துப் போவியள்.”

“எனக்குக் குளிரேல்ல, ரூபி. சத்தியமாக் குளிரேல்ல.”

சொல்லும்போது அவன் உதடு நீலமாக இருந்தது.

தொழிற்சாலையில் மின்சாரம் நின்று எல்லோரையும் மத்தியானமே அனுப்பிய ஒரு நாள், அவள் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள். வெளியே பனிப்புகார், வீட்டுக்குள் சாம்பல் வெளிச்சம். மூச்சு விட்டால் புகை தெரிந்தது. முன்னறையில் அவன் குரல் கேட்டது. தாழ்ந்த குரல். கலியாணம் கட்டிய புதிதில் அவளோடு கதைத்த குரல்.

“ஓம்... ஓம், தெரியும்.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஒருவர் பதில் சொல்லி முடிக்க எடுக்கும் நேரம்.

“இல்லை, அவ பின்னேரம்தான் வருவா. நீர் படுத்திரும்.”

சிவரூபினி சுவரில் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மதிவதனன் ஓரத்தில், பக்கவாட்டில் படுத்திருந்தான். அவனுக்கு முன்னால் கம்பளம் வெறுமையாகக் கிடந்தது.

வெறுமையாகக் கிடந்த இடத்தில் மயிர் மெல்ல அமுங்கியது.

மெல்ல எழும்பியது.

மூச்சு விடுவதுபோல.

அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. கையிலிருந்த பை நழுவி விழுந்த சத்தத்துக்குத்தான் அவன் திரும்பினான். வேறு ஆரோ ஒருத்தியின் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான்.

அன்று அவனைப் பிடித்து உலுக்கினாள், அழுதாள், கெஞ்சினாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். “பாவம், ரூபி,” என்றுமட்டும் சொன்னான். “நெடுகத் தனியக் கிடந்திருக்கு.”

கம்பளத்தைக் கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேயோ பிசாசோ, அழுக்கோ, எதுவானாலும் போய்விடும். தையில் பெரும் பனி கொட்டி ஓய்ந்த ஒரு ஞாயிறு காலை, வானம் நீலமாக வெளித்தது. முற்றத்தில் மாவுபோல உலர்ந்த பனி. நஜாத் சொன்னபடியே கம்பளத்தை இழுத்துப் போய்ப் பனிமேல் கவிழ்த்துப் போட்டாள். பிரம்புத் தட்டியால் தோள் நோகும்வரை அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் செம்மறி மணம் கிளம்பியது. மதிவதனன் ஜன்னலுக்குப் பின்னால் கம்பளிப் போர்வையோடு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அடிக்க அடிக்க அவன் முகம் சுருங்கியது.

கம்பளத்தின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாள்.

அத்தனை அடிக்கு அடியிலுள்ள பனி அழுக்காகிக் கறுத்திருக்க வேண்டும். பனியில் ஒரு துளி அழுக்கு இல்லை.

இரண்டு பள்ளங்கள் இருந்தன.

தலை, தோள், இடுப்பு, கால் என்று அச்சுக் குத்தியதுபோல. ஒன்று பெரியது. இடதுகால் மடங்கியிருந்தது. மற்றது சின்னது, பெரியதன் நெஞ்சுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. பெரியதில் பனி கண்ணாடிபோல இறுகியிருந்தது. சின்னதில் பனி அடியோடு உருகி, போன வருசத்துப் புல் பச்சையாகத் தெரிந்தது. அதிலிருந்து ஆவி எழும்பியது.

ஜன்னலில் தட்டும் சத்தம். மதிவதனன் கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினான்.

“கெதியா உள்ள கொண்டு வாரும்,” என்பது உதட்டசைவிலேயே விளங்கியது.

அவள் கொண்டு போகவில்லை. மூர்க்கமாகச் சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, காரின் பின்னால் திணித்தாள். மேல்வீட்டுக்காரர்கள் பனிச்சறுக்கப் போயிருந்தார்கள். அவனோடு இருக்கச் சொல்ல ஆளில்லை. “ஒரு மணித்தியாலத்தில வந்திடுவன், கட்டிலில படுங்கோ,” என்று போர்வைகளை அடுக்கி மூடி, ஹீட்டரை முழுவதும் திருப்பி வைத்தாள். மதிவதனன் மறுக்கவில்லை. அவள் கன்னத்தில் கையை வைத்தான். அந்தக் குளிரைத் தாங்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னர் அவளால் நினைக்காமல் இருக்கமுடியாமல் போனது அதைத்தான்.

கடை பூட்டியிருந்தது. நஜாத் மேல்மாடியில்தான் குடியிருந்தாள். மணி அடித்ததும் இறங்கி வந்து, சிவரூபினியின் முகத்தையும் தோளில் கிடந்த சுருட்டையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தாள். ஆனால் கம்பளத்தைத் தொடவில்லை.

“யாருடையது இது? உண்மையைச் சொல்லுங்கள்,” என்றாள் சிவரூபினி.

“லா பிரெவின் ஊர்ப்பக்கம் ஒரு பண்ணை வீடு,” என்றாள் நஜாத். “அங்கே குளிர்காலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கிழவர், தனி ஆள். கம்பளத்தில் படுத்தபடியே இறந்து கிடந்தாராம். வீட்டைக் காலி செய்தவர்கள் எனக்குச் சொன்னார்கள்: அடுப்பு இருந்தது, கூரைவரை விறகு அடுக்கியிருந்தது. ஒரு கட்டைகூடக் கொளுத்தவில்லை. பால் கொண்டுவந்து கொடுத்த பெண் கேட்டதற்கு, எனக்கு நெருப்பு வேண்டாம், ஆள் இருக்கிறது என்றாராம்.”

“அந்த ஆள் யார்?”

“எனக்குத் தெரியாது. அவருக்கு முன்னால் யாரிடம் இருந்தது என்றும் தெரியாது. எங்கள் ஊரில் இப்படி ஒன்று கேள்விப்பட்டதே இல்லை. நெய்தவள் யாரோ ஒரு நல்ல பெண். கோடுகளைப் பார்த்தாலே தெரிகிறது. நான் கம்பளம்தான் என்று நினைத்தேன். சுருட்டி வைத்தால் போதும் என்று நினைத்தேன்.” நஜாத்தின் குரல் இறங்கியது. “கழுவித் தரலாம் என்று வைத்திருந்ததை, உங்கள் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன்.”

“இதை எரித்துவிடுங்கள்.”

“எரிக்கிறேன்.” நஜாத் அப்போதுதான் குனிந்து சுருட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். மற்றக் கையையும் வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

“இது குளிர்ந்திருக்கிறது,” என்றாள். “வீட்டில் அவரோடு யார் இருக்கிறார்கள்?”

சிவரூபினி ஓடினாள். காருக்குள் இருந்தபடியே போன் அடித்தாள். நெடுநேரம் அடித்தபின் மதிவதனன் எடுத்தான்.

“கட்டிலிலயோ இருக்கிறியள்? எழும்பி மேல்வீட்டுப் படியடியில போய் இருங்கோ. நான் வந்துகொண்டிருக்கிறன். கேக்குதோ?”

“கேக்குது, ரூபி.” அமைதியான, நித்திரைத் தூக்கக் குரல். “அவசரப்படாமக் கார் ஓடும். ரோட்டில வழுக்கும்.”

“அங்க வேற ஆரும் நிக்கினமோ?”

அவன் போனைக் கொஞ்சம் விலக்கி யாரிடமோ ஏதோ கேட்பது கேட்டது.

“ஓம்,” என்றான். “இஞ்சதான்.”

மலையேறும் பாதையில் பனிப்புகார் இறங்கிவிட்டது. சுரங்கத்துக்குள் தொலைபேசி அறுந்தது. அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்தது குளிர். ஹீட்டர்கள் எல்லாம் நின்றிருந்தன. கட்டிலில் போர்வைகள் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

முன்னறையில், கம்பளம் கிடந்த வெறுந்தரையில், மதிவதனன் பக்கவாட்டில் படுத்திருந்தான். இடதுகால் மடங்கியிருந்தது.

ஓரமாகத்தான் படுத்திருந்தான்.

அவள் தொட்டாள். அவனில் சூடு ஒன்றும் மிஞ்சவில்லை. புருவ மயிரில் மெல்லிய உறைபனி பூத்திருந்தது.

அவனுக்கு முன்னாலிருந்த தரையில் கையை வைத்தாள்.

மரம் சூடாக இருந்தது.

இதயம் நின்றுவிட்டது என்று டொக்டர் எழுதினார். ஹீட்டரை ஏன் நிறுத்தினார் என்று கேட்டார்; சிவரூபினி தெரியாது என்றாள். கம்பளத்தை எரித்துவிட்டதாக நஜாத் போன் எடுத்துச் சொன்னாள். மற்றக் கம்பளியைப் போலவே மயிர் கருகும் மணம்தான் வந்ததாம், வேறொன்றுமில்லையாம். சொல்லிவிட்டு அழுதாள். சிவரூபினிக்கு அழுகை வரவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் நல்ல சாவு என்றார்கள், நித்திரையில் போனது குடுத்துவைத்தது என்றார்கள். அவளும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. சொன்னாலும் என்ன, துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று தோளைத் தடவியிருப்பார்கள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் பீலில் இருந்த சிநேகிதி ஜெயமலர் வந்து, “அக்கா, இந்த வீட்டில இனி ஒரு நாளும் இருக்க வேண்டாம், எழும்புங்கோ,” என்று கையோடு கூட்டிக்கொண்டு போனாள். தன் வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்திலேயே ஓர் அறையும் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் மாடி, கீழே பஸ் நிற்கும் சத்தம், பிளாஸ்டிக் விரித்த தரை. சிவரூபினி அதில் ஒரு பாய்கூடப் போடவில்லை. பீலிலேயே ஒரு தொழிற்சாலையில் காலை வேலை கிடைத்தது. போவாள், வருவாள், சமைத்ததில் பாதியைக் கொட்டுவாள். ஜெயமலர் ஞாயிறுகளில் வந்து கதைத்துவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் அவள் வாயைத் திறக்கத் தேவையே வரவில்லை.

வைகாசியில் ஒருநாள், வேலையால் வந்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கட்டிலில் சரிந்தவள் அயர்ந்துவிட்டாள். வெளியே நல்ல வெயில். பிள்ளைகள் சைக்கிள் ஓடும் சத்தம். விழித்தபோது வலதுகை தலையணைக்குப் பக்கத்தில் நீண்டு கிடந்தது. அசையவில்லை. தோளிலிருந்து விரல்வரை மரத்துப்போயிருந்தது. ஒருவர் அதில் தலையை வைத்து நெடுநேரம் தூங்கியிருந்தால் எப்படி மரக்குமோ அப்படி.

இடதுகையால் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரத்தம் திரும்பி ஊசி ஊசியாகக் குத்தியது. கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

முழங்கை மடிப்புக்குள், மென்மையான தோலில், ஒரு காதின் தடம் பதிந்திருந்தது. சின்னக் காது. மடலின் வளைவும், அதைச் சுற்றிச் சில மயிரிழைகள் அழுந்திய கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன.

கத்தலாம் என்று நினைத்தாள். ஜெயமலருக்குப் போன் எடுக்கலாம் என்று நினைத்தாள். அந்தத் தடம் மங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கை முழுக்க ஜில்லென்று இருந்தது. ஆனால் கட்டிலில் பக்கத்து இடம் சூடாக இருந்தது. அவன் போனபிறகு இத்தனை மாதத்தில், அவளுக்குப் பக்கத்தில் ஓரிடம் சூடாக இருந்தது அதுதான் முதல்தடவை.

மறுநாள் வேலையால் வந்து படுக்கும்போது, அவளாகவே கையை நீட்டி வைத்தாள்.